கிரேட்டுக்குள் கடிகாரம்: மாட்யூல் மின்னணுக் கருவிகளில் குறை-இரைச்சல் துடிப்பைப் பகிர்தல்

மாட்யூல்களாகப் பிரித்துக் கட்டப்படும் மின்னணுக் கருவிகளின் தரநிர்ணய ஏடுகளில் கார்டின் நீள அகலம், கனெக்டரின் ஊசி வரிசை, மின்வழங்கியின் ஏற்ற இறக்க எல்லை, விசிறிக் காற்றின் போக்கு எல்லாமே மில்லிமீட்டர் சுத்தமாக எழுதப்பட்டிருக்கும். கடிகாரக் குறிகையிடம் வரும்போது அந்தக் கறார் தளர்ந்துவிடுகிறது. அதிர்வெண் சொல்லப்படும்; மின்னழுத்த மட்டம் சொல்லப்படும்; ஒரு ஸ்லாட்டுக்கும் இன்னொரு ஸ்லாட்டுக்கும் இடையே துடிப்பு எவ்வளவு முந்தலாம், எவ்வளவு பிந்தலாம் என்பது சொல்லப்படும். 1997-இல் அறிமுகமான பி.எக்ஸ்.ஐ. என்ற மாட்யூல் கருவித் தரம், கார்டுகளை இணைக்கும் தன் பேக்பிளேனில் 10 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை எல்லா ஸ்லாட்டுக்கும் 1 நானோ வினாடிப் பிசகுக்குள் கொண்டுசேர்க்க வேண்டும் என்றது. 2005-இல் வந்த பி.எக்ஸ்.ஐ. எக்ஸ்பிரஸ் அதனுடன் இரட்டைக் கம்பியில் செல்லும் 100 மெகாஹெர்ட்ஸ் துடிப்பைச் சேர்த்து, பிசகை 200 பிகோ வினாடிக்குள் இறுக்கியது. அளவீட்டுக் கருவிகளின் உலகத்தில் இது பெரிய முன்னேற்றம். ஆனால் பிசகு வேறு, இரைச்சல் வேறு. மாறாமல் நிற்கும் 200 பிகோ வினாடிப் பிசகை ஒருமுறை அளந்து கணக்கில் கழித்துவிடலாம். துடிப்புக்குத் துடிப்பு முன்னும் பின்னும் அலையும் 1 பிகோ வினாடியைக் கழிக்க வழியில்லை.

கார்டுகளைச் செருகும் கூடான கிரேட்டுக்குள் ஓடும் கடிகாரக் குறிகையை மற்ற டிஜிட்டல் குறிகைகளோடு ஒன்றாகக் கருதுவதே சிக்கலின் வேர் என்பது இக்கட்டுரையின் வாதம். கடிகாரக் குறிகை அடிப்படையில் ஓர் அனலாக் குறிகை. ஒன்று, பூச்சியம் என்று அதைப் படிக்கும் சுற்றுகள் அதன் முனையில் இருக்கலாம். ஆனால் அது சுமந்து வரும் தகவல் மின்னழுத்தம் எல்லையைக் கடக்கும் கணத்தில்தான் இருக்கிறது. அந்தக் கணம் எந்த அளவுக்கும் நகரக்கூடியது, படிக்கட்டு கிடையாது. ஆகவே கட்ட இரைச்சலின் வளைவு மாட்யூலின் வாசலில் எவ்வளவு இருக்கலாம் என்று எழுதப்படாத வரை, எவர் செய்த கார்டையும் எவர் செய்த கிரேட்டிலும் செருகலாம் என்ற மாட்யூல் முறையின் உறுதிமொழி நுண்ணளவீட்டுக்குச் செல்லாது.

கட்ட இரைச்சல் என்பதை இங்கே வழக்கமான பொருளிலேயே எடுத்துக்கொள்கிறேன். ஓர் அலையின் கட்டம் தன் இடத்தை விட்டு அலையும்போது, அந்த அலைச்சல் மைய அதிர்வெண்ணிலிருந்து எவ்வளவு தள்ளி எவ்வளவு ஆற்றலாகத் தெரிகிறது என்று காட்டும் வளைவு அது. அந்த வளைவை ஒரு குறிப்பிட்ட அதிர்வெண் எல்லைக்குள் கூட்டி, கால அளவாக மாற்றினால் கிடைப்பது ஜிட்டர். வளைவிலிருந்து ஜிட்டரைக் கணக்கிடலாம். ஜிட்டரிலிருந்து வளைவைத் திரும்பப் பெற முடியாது. பின்னால் வரும் வாதத்தில் பாதி இந்த ஒரு வழிப் பாதையைப் பற்றியதுதான்.

ஹாம்பர்க்கின் கணக்கு

பொதுப்படையாகப் பேசுவதைவிட ஒரு கருவியை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவது நல்லது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் டெசி ஆய்வு நிலையத்தில் தொடங்கி, அண்டை மாநிலத்தின் ஷெனஃபெல்ட் ஊர் வரை 3.4 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலத்தடியில் ஓடுகிறது ஐரோப்பிய எக்ஸ்.எஃப்.இ.எல். என்ற எக்ஸ்-கதிர் லேசர். 2017 செப்டம்பரில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதன் 1.7 கிலோமீட்டர் முடுக்கியில் நியோபியத்தால் ஆன மீக்கடத்திக் கேவிட்டிகள் 1.3 கிகாஹெர்ட்ஸில் அதிர்ந்து எலக்ட்ரான் கற்றையை 17.5 கிகா எலக்ட்ரான்வோல்ட் வரை தள்ளிவிடுகின்றன. கிளைஸ்ட்ரான் என்ற நுண்ணலை ஆற்றல் பெருக்கி ஒன்று 32 கேவிட்டிகளுக்குத் தீனி போடுகிறது. அந்தக் கேவிட்டிகளின் புலத்தை அளந்து, பிழையைக் கண்டு, கிளைஸ்ட்ரானுக்குக் கட்டளை திருப்பி அனுப்பும் வேலையை எம்.டி.சி.ஏ.4 என்ற மாட்யூல் தரத்தில் கட்டிய கிரேட்டுகள் செய்கின்றன. 2011-இல் ஏற்கப்பட்ட அந்தத் தரம் உருவானதில் டெசியின் உழைப்புக்குப் பெரும்பங்கு உண்டு.

தேவை என்ன? புலத்தின் கட்டம் 0.01 டிகிரிக்குள் நிலைத்திருக்க வேண்டும். 1.3 கிகாஹெர்ட்ஸில் 0.01 டிகிரி என்றால் ஏறத்தாழ 21 ஃபெம்டோ வினாடி. ஒளியே அந்த நேரத்தில் 6 மைக்ரோமீட்டர்தான் நகரும்.

இந்த 21 ஃபெம்டோ வினாடியைப் பார்த்ததும், கிரேட்டில் ஓடும் ஒவ்வொரு கடிகாரமும் 21 ஃபெம்டோ வினாடிக்குள் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டத் தோன்றும். அது தவறு, அந்தத் தவறு விலை உயர்ந்ததும்கூட. கேவிட்டியிலிருந்து வரும் 1.3 கிகாஹெர்ட்ஸ் குறிகையை, அனலாக்கை டிஜிட்டலாக்கும் ஏ.டி.சி. நேரடியாகப் படிப்பதில்லை. முதலில் 1354 மெகாஹெர்ட்ஸ் லோக்கல் ஆசிலேட்டர் குறிகையோடு அது கலக்கப்படுகிறது. கலந்தபின் கிடைப்பது 54.17 மெகாஹெர்ட்ஸ், அதாவது 1300-இல் 24-இல் ஒரு பங்கு. அதை 81.25 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில், 1300-இல் 16-இல் ஒரு பங்கில், ஏ.டி.சி. மாதிரி எடுக்கிறது. கலக்கும்போது அதிர்வெண் இறங்குகிறது, கட்டம் இறங்குவதில்லை. ஆகவே ஏ.டி.சி. கடிகாரத்தில் 1 பிகோ வினாடி ஜிட்டர் இருந்தால் அளவீட்டில் வரும் கட்டப் பிழை 54.17 மெகாஹெர்ட்ஸுக்கான பிழை மட்டுமே: 0.02 டிகிரி. அதே 1 பிகோ வினாடி லோக்கல் ஆசிலேட்டரில் இருந்தால் 0.49 டிகிரி. இரண்டும் ஒரே கிரேட்டில், அடுத்தடுத்த கம்பியில் ஓடும் குறிகைகள். ஒன்றன் இரைச்சல் மற்றதன் இரைச்சலைவிட 25 மடங்கு கனமாக விழுகிறது.

இதிலிருந்து எழும் முதல் முடிவு: ஒரு கடிகாரக் குறிகை எவ்வளவு தூய்மையாக இருக்க வேண்டும் என்பதை அந்தக் குறிகையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அது போய்ச் சேரும் இடத்தில் எந்த அதிர்வெண்ணைத் தொடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கிரேட்டுக்கு நல்ல கடிகாரம் என்று பொத்தாம் பொதுவாகப் பணம் செலவழிப்பவர்கள் பெரும்பாலும் ஏ.டி.சி. கடிகாரத்தில் செலவழித்துவிட்டு, லோக்கல் ஆசிலேட்டரைப் பிரிக்கும் இடத்தில் சாதாரண ஆம்ப்ளிஃபயர் போட்டு முடித்துவிடுகிறார்கள்.

ஏ.டி.சி.யின் பக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. 16 பிட் ஏ.டி.சி. நடைமுறையில் 76 டெசிபெல் அளவுக்குக் குறிகை-இரைச்சல் விகிதம் தரும். 54 மெகாஹெர்ட்ஸ் குறிகையை 1 பிகோ வினாடி ஜிட்டரோடு படித்தால் அந்த விகிதம் 69 டெசிபெலைத் தாண்டாது. விலை கொடுத்து வாங்கிய ஒரு பிட்டுக்கு மேல் கடிகாரமே தின்றுவிடும். 300 ஃபெம்டோ வினாடிக்கு இறக்கினால் எல்லை 80 டெசிபெலுக்கு ஏறி, ஏ.டி.சி. தன் முழுத் திறனுக்கு அருகில் வந்துவிடும். அதற்குக் கீழே 100, 50 என்று இறக்கிக்கொண்டே போவதில் இந்தக் கருவிக்குப் பெரிய லாபமில்லை.

ஒற்றை எண்ணின் குறை

கடிகாரத்தைப் பிரதியெடுத்துத் தரும் பஃபர், வந்த துடிப்போடு தன் அலையியற்றியைப் பூட்டும் பி.எல்.எல். ஆகிய சில்லுகளின் தரவுத்தாளில் ஜிட்டர் என்ற தலைப்பின் கீழ் ஓர் எண் இருக்கும். அதன் அருகில் சிறிய எழுத்தில் 12 கிலோஹெர்ட்ஸ் முதல் 20 மெகாஹெர்ட்ஸ் வரை என்று போட்டிருக்கும். இந்த எல்லை எங்கிருந்து வந்தது? ஒளியிழைத் தொலைத்தொடர்பிலிருந்து. சோனெட் வலைப்பின்னலில் ஓ.சி.-48 வேகத்துக்காக வகுத்த எல்லை அது. அங்கே 12 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழான மெதுவான அலைச்சலை ரிசீவர் தானே பின்தொடர்ந்துவிடும், ஆகவே அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது நியாயம். அந்த நியாயம் தொலைத்தொடர்போடு நின்றிருக்க வேண்டும். சில்லுத் தொழில் அதைத் தூக்கிக்கொண்டு எல்லாத் துறைக்கும் வந்துவிட்டது.

ஹாம்பர்க்கின் கேவிட்டிக்குப் போவோம். அதன் தரக் காரணி, கற்றைக்குத் தேவையான இணைப்போடு சேர்த்து, 46 லட்சம் அளவுக்கு அமைக்கப்படுகிறது. அப்படியானால் அதன் அரைப் பட்டை அகலம் 140 ஹெர்ட்ஸ் அளவுதான். பின்னூட்டச் சுழல் அதைச் சில பத்து கிலோஹெர்ட்ஸ் வரை இழுத்துக் கொடுக்கிறது. அதற்கு மேல் எவ்வளவு கடிகார இரைச்சல் இருந்தாலும் கேவிட்டி அதை எதிரொலிக்காது. மீக்கடத்தியின் குறுகிய அதிர்வு அதை வடிகட்டிவிடும். ஆக, எலக்ட்ரான் கற்றையை உண்மையில் தொடும் இரைச்சல் 1 ஹெர்ட்ஸ் தொடங்கிச் சில பத்து கிலோஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதி. தரவுத்தாளின் எண் தொடங்கும் இடமோ 12 கிலோஹெர்ட்ஸ்! எது முக்கியமோ அதில் பெரும்பகுதியை விட்டுவிட்டு, எது முக்கியமில்லையோ அதை 20 மெகாஹெர்ட்ஸ் வரை கூட்டிச் சொல்லும் எண்ணை வைத்துக்கொண்டு ஒரு முடுக்கியின் கிரேட்டுக்கு பஃபர் தேர்ந்தெடுப்பது எப்படிச் சரியாகும்?

மைய அதிர்வெண்ணுக்கு அருகில் உள்ள இரைச்சல் பெரும்பாலும் ஃபிளிக்கர் வகையைச் சேர்ந்தது. அதிர்வெண் குறையக் குறைய ஏறும். பிரான்சின் பெசன்சோன் நகர ஃபெம்டோ-எஸ்.டி. ஆய்வு நிலையத்தில் என்ரிக்கோ ரூபியோலா ஆம்ப்ளிஃபயர்களின் ஃபிளிக்கர் கட்ட இரைச்சலை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அதில் வடிவமைப்பாளர் மறக்கக் கூடாத செய்தி ஒன்று உண்டு. வெப்ப இரைச்சலை எதிர்க்கக் குறிகையின் ஆற்றலைக் கூட்டினால் போதும். ஃபிளிக்கர் கட்ட இரைச்சல் குறிகையின் ஆற்றலைப் பொருட்படுத்துவதில்லை. ஆம்ப்ளிஃபயரின் உள்ளியல்பிலேயே இருந்துகொண்டு குறிகையின் கட்டத்தை அசைக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக ஆம்ப்ளிஃபயர்களைக் கோத்தால், எது முதலில் எது கடைசியில் என்ற பேதமில்லாமல் எல்லாவற்றின் ஃபிளிக்கரும் கூடும். முதல் படி நன்றாக இருந்தால் போதும் என்று ரிசீவர் வடிவமைப்பில் பழகிய மனம் இங்கே ஏமாந்துவிடும்.

கிரேட்டுக்குள் ஒரு கடிகாரம் கடந்து வரும் பாதையை எண்ணிப் பாருங்கள்: மூலம், பகிர்வு மாட்யூலில் ஒரு பஃபர், பேக்பிளேன், கார்டின் வாசலில் இன்னொரு பஃபர், தேர்வு சுவிட்ச், பி.எல்.எல்., அதன் உள்ளே வகுப்பான், கடைசியில் ஏ.டி.சி. ஒவ்வொரு படியும் தனக்கான எண்ணைத் தரவுத்தாளில் அழகாகக் காட்டும். 12 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே அவை கூட்டாக என்ன செய்கின்றன என்பது யாருடைய தாளிலும் இருக்காது.

சேர்ந்து அலைவதும் தனித்தனியாக அலைவதும்

இந்தச் சிக்கலுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து, கார்டுக்கு ஒரு பி.எல்.எல். போட்டுத் துடிப்பைக் கழுவி எடுப்பது. பேக்பிளேனில் அழுக்கான துடிப்பு வந்தால் என்ன, கார்டில் உள்ள நல்ல படிக அலையியற்றி அதைப் பின்தொடரும். சுழலின் பட்டை அகலத்துக்கு மேற்பட்ட அழுக்கெல்லாம் நின்றுபோகும். மலிவு, எளிது, எல்லாச் சில்லு நிறுவனங்களும் விற்கின்றன.

வேலை செய்வது உண்மைதான். எதற்கு வேலை செய்கிறது என்று கேட்க வேண்டும். சுழலின் பட்டை அகலத்துக்குக் கீழே பேக்பிளேனின் அழுக்கு அப்படியே உள்ளே போகிறது. பட்டை அகலத்தை 10 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் கார்டின் அலையியற்றியே தன் வெப்பநிலைக்கு ஏற்பவும் விசிறியின் அதிர்வுக்கு ஏற்பவும் அலையத் தொடங்கும். படிகம் இயந்திர அதிர்வை உணரும் பொருள், எம்.டி.சி.ஏ. கிரேட்டின் விசிறிகளோ அமைதியானவை அல்ல.

அதைவிட ஆழமான கேள்வி இரைச்சல்களுக்கு இடையிலான உறவு. எல்லாக் கார்டுகளும் ஒரே துடிப்பைப் பெற்றால் அதன் இரைச்சல் எல்லாவற்றிலும் ஒன்றாக அலைகிறது. ஒரு கார்டின் அளவிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் அந்த அலைச்சல் கரைந்துவிடும். கார்டுக்கு ஒரு பி.எல்.எல். போட்டுவிட்டாலோ, சுழலுக்கு மேற்பட்ட இரைச்சல் ஒவ்வொன்றிலும் தனித்தனி. கழித்தால் கரையாது, கூடும். இரண்டு 50 ஃபெம்டோ வினாடி கழித்தபின் 71 ஆகும்.

எனில் பொதுத் துடிப்பே எப்போதும் மேல் என்று சொல்லிவிடலாமா? முடியாது. எக்ஸ்.எஃப்.இ.எல்.-இல் 32 கேவிட்டிகளின் அளவுகள் ஒன்றாகக் கூட்டப்பட்டு, அந்தக் கூட்டல்தான் கட்டுப்படுத்தப்படுகிறது. கூட்டலில் கணக்கு தலைகீழ். 32 தனித்தனி இரைச்சல்களின் சராசரி 5.7 மடங்கு இறங்கிவிடும், ஏ.டி.சி.களின் சொந்த இரைச்சல் அப்படித்தான் கரைகிறது. எல்லாச் சானலிலும் ஒன்றாக அலையும் லோக்கல் ஆசிலேட்டர் இரைச்சலோ துளியும் இறங்காது. ஆக, ஒரே இரைச்சல் கழிக்கும் இடத்தில் தீங்கற்றது, கூட்டும் இடத்தில் கொடியது. கருவி எதைக் கூட்டுகிறது, எதைக் கழிக்கிறது என்று தெரியாமல் பொதுத் துடிப்பா தனித் துடிப்பா என்று விவாதிப்பது வீண். என் அனுபவத்தில் வடிவமைப்புக் கூட்டங்களில் இந்தக் கேள்வி எழுவதே அரிது. எழும்போது கார்டுகள் ஏற்கெனவே அச்சுக்குப் போயிருக்கும்.

சரிவும் தரையும்

இதுவரை சொன்னது கணக்கு. இனிச் சொல்வது கம்பியும் செம்பும். கருவி தோற்பதும் ஜெயிப்பதும் அங்கேதான்.

மின்னழுத்தம் எல்லையைக் கடக்கும் கணத்தில்தான் தகவல் இருக்கிறது என்றோம். அந்தக் கடப்பு எவ்வளவு செங்குத்தாக இருக்கிறதோ அவ்வளவு இரைச்சலைத் தாங்கும். உச்சம் 1 வோல்ட் உள்ள 10 மெகாஹெர்ட்ஸ் சைன் அலை எல்லையைக் கடக்கும்போது அதன் சரிவு மைக்ரோ வினாடிக்கு 63 வோல்ட். அதை வாங்கும் சுற்றின் உள்ளிரைச்சல் 100 மைக்ரோவோல்ட் என்று வைத்துக்கொண்டால், கடக்கும் கணம் 1.6 பிகோ வினாடி அலையும். அதே உச்சத்தில் 100 மெகாஹெர்ட்ஸ் அனுப்பினால் 0.16 பிகோ வினாடி. ஆய்வகங்களில் 10 மெகாஹெர்ட்ஸ் ஆதார அலை நிலைத்துவிட்டதற்கு வரலாற்றுக் காரணங்கள் உண்டு. குறை-இரைச்சல் பகிர்வுக்கு அது ஏற்ற அதிர்வெண் அல்ல என்பதே என் தீர்ப்பு. பெருக்கத்தின் தண்டமும் உடன் வருகிறது. 10 மெகாஹெர்ட்ஸை 1.3 கிகாஹெர்ட்ஸுக்கு 130 மடங்கு பெருக்கும்போது இரைச்சல் 42 டெசிபெல் ஏறும். மூலத்தில் ஹெர்ட்ஸுக்கு -165 டெசிபெலாக இருந்த இரைச்சல் தரை -123-க்கு வந்து நிற்கும். எக்ஸ்.எஃப்.இ.எல். தன் ஆதாரத்தை 1.3 கிகாஹெர்ட்ஸாகவே சுரங்கத்தில் ஓடவிட்டு, ஒளியிழையில் வரும் 216.7 மெகாஹெர்ட்ஸ் லேசர் துடிப்போடு ஆங்காங்கே மறுபடி பூட்டுவதன் காரணங்களில் இது ஒன்று.

மெதுவான சைன் அலையைச் சதுர அலையாக்கியே தீர வேண்டும் என்றால் ஒரே தாவலில் செய்யக் கூடாது. ஆலிவர் காலின்ஸ் 1996-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழி காட்டியது: முதல் படி குறுகிய பட்டை அகலமும் குறைந்த பெருக்கமும் கொண்டதாக இருக்கட்டும், அடுத்தடுத்த படிகளில் பட்டை அகலம் விரியட்டும். நேரடியாக ஒரு வேகமான கம்பரேட்டரில் செருகினால், அதன் கிகாஹெர்ட்ஸ் பட்டை அகலம் முழுவதிலும் உள்ள இரைச்சல் அந்தச் சோம்பேறிச் சரிவின் மேல் வந்து உட்காரும். இந்த ஆய்வு வந்து இவ்வளவு காலமான பின்பும், 10 மெகாஹெர்ட்ஸ் சைன் உள்ளீட்டை நேரே எல்.வி.டி.எஸ். என்ற குறைமின்னழுத்த டிஜிட்டல் ரிசீவருக்கு இழுத்துவிட்ட கார்டுகளைப் புதிதாகவே பார்க்கிறோம்.

அடுத்தது மின்வழங்கி. எம்.டி.சி.ஏ. கிரேட்டில் கார்டுக்கு 12 வோல்ட் வருகிறது. சில நூறு கிலோஹெர்ட்ஸில் சுவிட்ச் செய்யும் ரெகுலேட்டர்கள் அதைக் கீழிறக்குகின்றன. ஒரு கடிகார பஃபரின் தாமதம் மின்வழங்கியின் வோல்ட்டுக்கு 100 பிகோ வினாடி மாறும் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 1 மில்லிவோல்ட் சுவிட்ச் அலை படிந்தால் துடிப்பு 100 ஃபெம்டோ வினாடி உச்சத்துக்கு அசையும். 81.25 மெகாஹெர்ட்ஸில் இது -92 டெசிபெலில் ஒரு பக்கமுள், பொறுத்துக்கொள்ளலாம். அதே பஃபரை லோக்கல் ஆசிலேட்டரின் 1354 மெகாஹெர்ட்ஸ் பாதையில் வைத்தால் முள் -67 டெசிபெலுக்கு எழும். அலைவரிசைக் காட்டியின் திரையில் அது மைய உச்சத்துக்கு இருபுறமும் ஒரே தூரத்தில் காவலாளிகளைப் போல நிற்கும். ரெகுலேட்டரின் சுமையை மாற்றினால் அவையும் கொஞ்சம் இடம் மாறும். குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்க அது ஒன்றே போதும்.

தரையின் கதை இன்னும் பிடிவாதமானது. இரண்டு கிரேட்டுகளை ஒரு கோஆக்ஸ் கேபிளால் இணைத்த மறுநொடி, அதன் வெளிக்கூடு இரண்டு கிரேட்டுகளின் தரைகளுக்கும் பாலமாகிவிடுகிறது. 10 மில்லிஓம் கூட்டில் 100 மில்லிஆம்பியர் ஓடினால் 1 மில்லிவோல்ட். மேலே சொன்ன 10 மெகாஹெர்ட்ஸ் சைனின் சரிவில் அது 16 பிகோ வினாடி. உள்ளீட்டில் மின்தேக்கி இருந்தால் 50 ஹெர்ட்ஸ் நின்றுவிடும். சுவிட்ச் மின்வழங்கியின் அலை மின்தேக்கியைத் தாண்டிக்கொண்டு வரும். இரண்டு தரைகளையும் உண்மையில் பிரிப்பது சிறிய ஆர்.எஃப். மின்மாற்றி ஒன்றுதான். கார்டின் வாசலில் அது கட்டாயம் என்று எந்தத் தரநிர்ணயமாவது எழுதினால், நூற்றுக்கணக்கான ஆய்வகங்களில் இரவு வேலை குறையும்.

கேபிளின் மின்காப்பையும் சொல்லாமல் விடக் கூடாது. டெஃப்ளான் என்று நாம் அறியும் பி.டி.எஃப்.இ. நல்ல மின்காப்பு, ஆனால் 19 டிகிரி செல்சியஸுக்கு அருகில் அதன் படிக அமைப்பு மாறுகிறது, அங்கே கேபிளின் தாமதமும் திடீரெனச் சரிகிறது. குளிரூட்டிய ஆய்வகமும் கருவி அறையும் நிற்கும் வெப்பநிலைக்கு இது எவ்வளவு பக்கம்! அந்தச் சரிவை விட்டு விலகி நின்றாலும், 3 மீட்டர் கேபிளின் 15 நானோ வினாடித் தாமதம் டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 50 பங்கு மாறினால் 0.75 பிகோ வினாடி. நம் 21 ஃபெம்டோ வினாடித் தேவையின் 35 மடங்கு. எந்த அலையியற்றியாலும் இதைக் காப்பாற்ற முடியாது. துடிப்பு முறையில் இயங்கும் முடுக்கிகளில், ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் இடையிலான ஓய்வில் ஆதார அலையையே அளவீட்டுப் பாதைக்குள் செலுத்திப் பாதையின் நகர்வை அளந்து கழிக்கும் முறை இதற்காகப் பிறந்தது.

எந்த விளிம்பு, எங்கே அந்த விளிம்பு

அப்படியானால் பேக்பிளேனில் கடிகாரக் கம்பிகளே வேண்டாமா? வேண்டும், வேறு வேலைக்கு.

1300 மெகாஹெர்ட்ஸை 16-ஆல் வகுக்கும் இரண்டு கார்டுகள் மின்சாரம் வந்ததும் 16 நிலைகளில் எதில் வேண்டுமானாலும் எழலாம். ஒரு நிலைக்கும் அடுத்ததுக்கும் 769 பிகோ வினாடி வித்தியாசம். 54.17-உம் 81.25-உம் ஒன்றாகத் திரும்பி வருவது 27.08 மெகாஹெர்ட்ஸில், அதாவது 1300-இல் 48-இல் ஒரு பங்கில். இதில் எந்தச் சுற்று முதல் சுற்று என்று எல்லாக் கார்டுகளும் ஒத்துக்கொள்ள வேண்டும். அதைச் சொல்லும் குறிகைக்கு ஃபெம்டோ வினாடித் தூய்மை தேவையில்லை. சரியான ஒரு சுற்றுக்குள் வந்து விழுந்தால் போதும். சில நூறு பிகோ வினாடிப் பிசகும் அதற்குப் பொருட்டில்லை. பேக்பிளேனின் எல்.வி.டி.எஸ். கம்பி இந்த வேலைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தும்.

ஆக இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எந்த விளிம்பு என்பது ஒன்று. அந்த விளிம்பு துல்லியமாக எங்கே என்பது இன்னொன்று. முதலாவது டிஜிட்டல் கேள்வி, பேக்பிளேனுக்கு உரியது. இரண்டாவது அனலாக் கேள்வி. தனிப் பாதை, தனி மின்வழங்கி, தனித் தரை அதற்கு வேண்டும். இரண்டையும் ஒரே கம்பியில் ஏற்றுவதால்தான் முதல் கேள்விக்குத் தேவையற்ற செலவும் இரண்டாவதற்குத் தகுதியற்ற தரமும் வந்து சேர்கின்றன. நல்ல வடிவமைப்புகள் ஏற்கெனவே இந்தப் பிரிவை நோக்கி நகர்ந்திருக்கின்றன. டெசியில் எம்.டி.சி.ஏ.4 கிரேட்டின் பின்பக்க மாட்யூல்களுக்காகத் தனி ஆர்.எஃப். பேக்பிளேன் ஒன்றை உருவாக்கினார்கள். லோக்கல் ஆசிலேட்டர், ஆதார அலை, ஏ.டி.சி. கடிகாரம் மூன்றும் அதன் வழியே பகிரப்படுகின்றன. முன்பக்க டிஜிட்டல் பேக்பிளேன் தன் டிரிகர் கம்பிகளோடு தனியாக நிற்கிறது. வி.பி.எக்ஸ். என்ற மற்றொரு மாட்யூல் தரத்தின் உலகில் பேக்பிளேனுக்குள் கோஆக்ஸ் கனெக்டர்களையே பதிக்க வி.ஐ.டி.ஏ. 67 என்ற தரம் இருக்கிறது. செர்னில் பிறந்த ஒயிட் ராபிட் முறை நேரத்தை ஒளியிழை வலைப்பின்னலில் நானோ வினாடிக்குக் கீழான துல்லியத்தோடு கொண்டுசேர்க்கிறது. அங்குள்ள எஸ்.பி.எஸ். முடுக்கியின் ஆர்.எஃப். கட்டுப்பாட்டைப் புதுப்பித்தபோது அதை எம்.டி.சி.ஏ. கிரேட்டோடு இணைத்தார்கள்.

செலவு என்ற மறுப்பு வரும். கோஆக்ஸ் கேபிள்கள் முன்பலகையை அடைத்துக்கொள்ளும், கேபிள் இல்லாமல் கார்டைச் செருகுவதுதானே மாட்யூல் முறையின் அழகு என்பார்கள். அந்த அழகை நானும் மதிக்கிறேன்; ஆர்.எஃப். பேக்பிளேன் அதைக் காப்பாற்றத்தான் வந்தது. ஒரு கிளைஸ்ட்ரானின் 32 கேவிட்டிகளை இரண்டு கிரேட்டுகள் பங்கிட்டால், ஒன்றுக்கு 16 கேவிட்டி, கேவிட்டிக்கு மூன்று குறிகை, மொத்தம் 48. பத்துச் சானல் ஏ.டி.சி. கார்டுகள் ஐந்து வேண்டும். அவை ஒவ்வொன்றுக்கும் லோக்கல் ஆசிலேட்டர், கடிகாரம் என்று கேபிள் இழுத்து, முறுக்குவிசைக் குறடால் இறுக்கி, பின்னொரு நாள் ஒரு கார்டை மாற்றும்போது எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டிப் பார்த்தவர்களுக்குத் தனிப் பேக்பிளேனின் விலை பெரிதாகத் தெரியாது. பிரிப்பதிலும் விலையைக் கட்டுப்படுத்த வழி உண்டு. மூலத்தில் வலுவான ஆற்றலோடு தொடங்கி, செயலற்ற பிரிப்பான்களால் எட்டாகப் பிரித்து, கடைசி வாசலில் மட்டும் சதுர அலையாக்கினால் ஆம்ப்ளிஃபயர்களின் எண்ணிக்கையும் அவற்றின் ஃபிளிக்கரும் குறையும். எட்டாகப் பிரிப்பதில் 9 டெசிபெலும் சில்லறை இழப்பும் போகும். வலுவான மூலத்துக்கு அது தாங்கக்கூடிய இழப்பு. சில்லு மட்டத்தில் தொடங்கிய மெலிந்த துடிப்புக்குத் தாங்காது. ஒரு வாசலின் கோளாறு மற்ற வாசல்களுக்குப் பரவாமல் தடுக்கும் தனிமையில் பஃபர்கள் முந்துகின்றன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கார்டுகளை அடிக்கடி கழற்றிச் செருகும் கிரேட்டில் அதற்காக ஒரு படி பஃபரை ஏற்றுக்கொள்ளலாம்.

தரநிர்ணயம் எழுதும் குழுக்களுக்கும், அதைவிட முக்கியமாக, கருவி வாங்கும் ஆய்வகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கிரேட்டுக்கான ஒப்பந்தப்புள்ளியில் ஜிட்டர் என்று ஒற்றை எண் கேட்காதீர்கள். விசிறிகள் ஓடும்போது, எல்லா ஸ்லாட்டிலும் கார்டுகள் செருகியிருக்கும்போது, கடைசி ஸ்லாட்டின் ஊசியில் அளந்த கட்ட இரைச்சல் வளைவை 1 ஹெர்ட்ஸிலிருந்து கேளுங்கள். இரண்டு ஸ்லாட்டுகளுக்கு இடையிலான வித்தியாசத்தின் வளைவையும், டிகிரிக்கு எத்தனை ஃபெம்டோ வினாடி நகர்கிறது என்பதையும் அதனுடன் கேளுங்கள். மூன்றும் இன்றைய கருவிகளால் அளக்கக்கூடியவை. வாங்குபவர் கேட்டால் விற்பவர் அளந்தாக வேண்டும்.